லெக்சஸ் ஆர்எக்ஸ்: ஐந்து தலைமுறைகள்

லெக்சஸ் ஆர்எக்ஸ் 1997 இறுதியில் ஜப்பானில் டொயோட்டா ஹாரியர் என்ற பெயரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஆர்எக்ஸ் 300 ஆக விற்பனைக்கு வந்தது. அதுவரை உயரமான சொகுசு வண்டிகள் பெரும்பாலும் லாரியைப் போலத் தனிச் சட்டத்தின் மேல் கூடு பொருத்தியவையாக இருந்தன. ஆர்எக்ஸோ கேம்ரி காரின் அடித்தளத்தில் பிறந்தது. கூடும் சட்டமும் ஒன்றே. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். கரடுமுரடான பாதைத் திறனில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, குலுங்காத ஓட்டத்தைப் பெற்ற பேரம் அது. நல்ல பேரம்தான்.

2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை கனடாவின் ஒன்டாரியோவிலும் தயாரானது. 2005-இன் 400எச் பெட்ரோல் இன்ஜினுடன் மின்மோட்டார்களைச் சேர்த்தது. அதன் நான்கு சக்கர இயக்க வகையில் பின்சக்கரங்களுக்குத் தனி மோட்டார். இன்ஜினிலிருந்து பின்பக்கம் நீளும் சுழல்தண்டே தேவைப்படவில்லை. ஆர்எக்ஸ் வரிசையின் மிக அழகான பொறியியல் தீர்வு இதுவே.

மூன்றாம் தலைமுறை பெரும்பாலும் மெருகேற்றல். 2015-இன் நான்காவதில் மடிப்புகள் கூர்மையாயின, முகப்புக் கிரில் மிகைப்பட்டது. முதல் வண்டியின் அடக்கமே மேல். 2022-இல் வந்த ஐந்தாம் தலைமுறை வி6 இன்ஜினைக் கைவிட்டு, நான்கு சிலிண்டர்களோடு நின்றுகொண்டது.