எருமையும் அரை மார்க்கும்

தமிழில் சினிமா விமர்சனத்தின் குணத்தைப் படத்தைவிடப் பத்திரிகைதான் அதிகம் தீர்மானித்து வந்திருக்கிறது. வார இதழுக்கு ஒரு மாதிரி, தினசரிக்கு ஒரு மாதிரி, சில நூறு பேர் படிக்கும் சிற்றேட்டுக்கு வேறு மாதிரி. முதல் இரண்டையும் வியாபாரம் என்று ஒதுக்கிவிட்டு மூன்றாவதை மட்டும் விமர்சனம் என்று சொல்லிக்கொள்வது நம்மிடையே வழக்கம். சௌகரியமான வழக்கம்தான். உண்மையா என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1935ல் வந்த ‘பக்த நந்தனா’ரை எடுத்துக்கொள்ளலாம். கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்பதே அன்று பெரிய பேச்சு. ஆனந்த விகடனில் கல்கி அந்தப் படத்தைப் பரிகாசம் செய்தார். படத்தில் சரியாக நடித்திருப்பவை மரங்களும் எருமையும் ஆடும்தான் என்கிற தோரணையில் அவர் எழுதியதை இன்றும் துணுக்காகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். விகடன் வாசகர் சிரிக்க வேண்டும் என்றுதான் அவரும் எழுதியிருப்பார். ஆனால் அந்தக் கேலிக்குள் ஒரு பார்வை இருக்கிறது. மேடையில் எருமையோ பனைமரமோ நடிக்க முடியாது. படுதாவில் எழுதி வைக்கலாம், அவ்வளவுதான். காமிராவின் முன்னால் அவை மனிதனுக்குச் சமமாக, சில வேளை அவனைவிட மெய்யாக, நின்றுவிடுகின்றன. ஆயிரம் மேடை கண்ட நடிகர் பொய்யாகத் தெரிவதும், ஒன்றும் அறியாத எருமை மெய்யாகத் தெரிவதும் ஏன்? சினிமா என்கிற சாதனத்தின் முதல் கேள்வி இது. கல்கி இதைக் கோட்பாடாக யோசித்தாரா என்பது வேறு சங்கதி. அவர் கண் அதைப் பார்த்திருக்கிறது. அதுவும் ஒரு குடும்பப் பத்திரிகையின் பக்கத்தில்.

நான் வசிக்கும் கருவடிக்குப்பத்தில்தான் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. அவர் மறைந்தது 1922ல். 1931ல் தமிழ்ப் படம் பேச ஆரம்பித்தது. 1934ல், அவர் நாடகமாக்கிய பவளக்கொடி கதை, 50 பாட்டுகளோடு படமாயிற்று. நாடகம் நம் படத்துக்குள் குடியேறியதைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. விமர்சனத்துக்குள்ளும் அது குடியேறியதைப் பற்றிப் பேச்சைக் காணோம். கதைச் சுருக்கம், நடிப்பு, வசனம், பாட்டு, கடைசியில் ஒளிப்பதிவுக்கு ஒரு வரி. நாடகக் கொட்டகையிலிருந்து வீடு திரும்புகிறவனின் வரிசை இது. ஒளிப்பதிவு மட்டும் பிற்சேர்க்கை.

பின்னால் விகடன் மார்க் போட ஆரம்பித்தது. 1977ல் ‘16 வயதினிலே’க்கு 62½. வங்கியில் கணக்கு இடிக்கும் சாயங்காலங்களில் ஐம்பது பைசாவைத் தேடிப் பேரேடு புரட்டியவர்களுக்கு அந்த அரை மார்க்கின் மேல் ஒரு மரியாதை ஏற்படாமல் போகாது. எந்தக் காட்சிக்கு அந்த அரை? மார்க் அதைச் சொல்லாது. எழுதியவர் பெயரும் கிடையாது, விமர்சனக் குழு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பரீட்சை மார்க்கிலேயே வளர்ந்த ஒரு சமூகத்துக்கு 62½ என்றால் முதல் வகுப்பு என்பதும், தொண்ணூறு எவருக்கும் விழாது என்பதும் தெளிவாகத் தெரிந்திருந்தது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறவனின் கேள்வி, போகலாமா வேண்டாமா என்பது. அதற்கு ஒளிவு மறைவில்லாத பதில் கிடைத்தது. துக்ளக் வேறொன்று செய்தது. ‘போஸ்ட்மார்ட்டம்’ என்று தலைப்பிட்டு விமர்சித்துவிட்டு டைரக்டரின் பதிலையும் சேர்த்தே போட்டது. அங்கே விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த மகேந்திரன் 1979ல் ‘உதிரிப்பூக்க’ளை எடுத்தார்.

வாசகன் மாறினால் எழுத்து மாறத்தான் வேண்டும். எவ்வளவு மாறலாம் என்பதற்கு அமெரிக்கரான ஜேம்ஸ் ஏஜீ நல்ல உதாரணம். 1942 முதல் 1948 வரை அவர் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் சினிமா பற்றி எழுதினார். லட்சக்கணக்கில் விற்ற ‘டைம்’ வார இதழில், பெயரில்லாமல், அந்த ஸ்தாபனத்தின் குரலில். சிறிய ‘நேஷ’னில் தன் பெயரோடு. 1947ல் சாப்ளினின் ‘மொஸ்யே வெர்து’வைப் பலரும் தூற்றியபோது ‘நேஷ’னில் மூன்று இதழ்களுக்கு அதைப் பற்றியே எழுதிக்கொண்டு போனார். ‘டைம்’ அவ்வளவு இடம் தருமா? இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நீளம் மாறுகிறது, குரல் மாறுகிறது, உபசாரங்கள் மாறுகின்றன. பார்க்கிற கண் ஒன்றாகவே இருக்கிறது.

நம்மிடம் தலைகீழ். குரல்கள் விதவிதமாக இருக்கின்றன. கண் எங்குமே திறக்கவில்லை.

சிற்றேட்டு வாசகன் படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டவன்; அல்லது எப்போதும் பார்க்கப் போகாதவன். போகலாமா என்ற கேள்வி அவனிடம் இல்லை. விளம்பரம் போய்விடும் என்ற பயமும் நமக்கில்லை, விளம்பரமே இல்லாததால். இவ்வளவு சுதந்திரத்தை வைத்துக்கொண்டு நாம் செய்தது, வார இதழ் கதையைச் சொன்ன இடத்தில் கருத்தைச் சொன்னது. ‘உதிரிப்பூக்கள்’ என்றால் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ எங்கே, படம் எங்கே என்று ஒரு பஞ்சாயத்து. யதார்த்தவாதம் பற்றி ஒரு பத்தி. சமூக அமைப்பைப் பற்றி இன்னொன்று. கடைசியில் ஊர் கூடி நிற்க, சுந்தரவடிவேலு ஆற்றில் இறங்குகிறான். அதற்குமுன் அவன் பேசுவதைப் பற்றி எல்லோரும் எழுதிவிடுவார்கள், வசனமாயிற்றே. அவன் போன பிறகு ஆற்றங்கரையில் இரண்டு குழந்தைகள் மிஞ்சுகிறார்கள். ஊர் கொடுத்த தண்டனை நியாயம் என்று தலையாட்டிக்கொண்டிருந்த நம்மை, பேச்சில்லாத அந்த வினாடிகள் வேறு பக்கம் திருப்பிவிடுகின்றன. கொடியவனாக இருந்தவன் அங்கே ஒரு தகப்பனாகவும் ஆகிவிடுகிறான். எந்தக் கதைச் சுருக்கத்திலும் இது வராது. கருத்துச் சுருக்கத்திலும் வராது. அசோக்குமாரின் காமிரா ஆற்றையும் கரையையும் குழந்தைகளையும் எப்படி ஒன்றாக வைத்துப் பார்க்கிறது என்று எழுதினால்தான் வரும்.

இன்று பக்கமே வேண்டியதில்லை என்றாகிவிட்டது. முதல் காட்சி விட்டதும் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டுகிறார்கள். ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ படங்கள் வந்த 2024ல், இந்த வாசல் விமர்சனம் வசூலைக் கெடுக்கிறதென்று தயாரிப்பாளர்கள் தியேட்டர்காரர்களிடம் முறையிட்டார்கள். முதல் மூன்று நாட்களுக்கு யூடியூபில் விமர்சனமே கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் போனார்கள். கருத்துச் சுதந்திரத்தைச் சொல்லி நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. சரியான காரியம். ஆனால் பணத்தை அசைக்கும் பலம் கிடைத்த சமயத்தில் விமர்சனம் எதுவாகச் சுருங்கியிருக்கிறது என்பதையும் கவனிக்கலாம்: முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி இழுவை. மார்க்காவது அரை வரைக்கும் யோசித்தது.

இதே யூடியூபில் சில பையன்கள் ஒரு காட்சியை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, இந்த இடத்தில் சத்தம் ஏன் நின்றது, வெட்டு ஏன் இங்கே விழுந்தது என்று இருபது நிமிஷம் பேசுகிறார்கள். இலக்கணம் கொஞ்சம் உதைக்கும். ஆங்கிலம் பாதி. இருந்தாலும், காட்சியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற வசதி எந்த அச்சுப் பக்கத்துக்கும் இருந்ததில்லை. கல்கிக்கு இருந்ததில்லை. நமக்கும் இல்லை. சிலர் அதை உபயோகிக்கவும் செய்கிறார்கள்.

இந்த ஏட்டுக்குப் படங்களைப் பற்றி எழுத முன்வரும் நண்பர்களிடம் ஒரு யோசனையை வைக்கிறேன். கதை வேண்டாம். இயக்குநரின் நோக்கமும் தற்சமயம் வேண்டாம். முதல் பத்து நிமிஷத்தில் திரையில் என்னென்ன இருந்தன, எவை எவ்வளவு நேரம் நின்றன, என்ன சத்தம் கேட்டது என்று மட்டும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பட்டும். சண்டையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.