தன் எஞ்சினைப் பார்க்கும் விளக்கு

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் முகப்பு விளக்குக்குப் பின்னால் காது வைத்த நட்டு ஒன்று இருக்கும். பானெட்டைத் தூக்கிவிட்டு அதைக் கையாலேயே தளர்த்தினால், விளக்கு கீலில் புரண்டு பின்பக்கம் திரும்பும். சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த வெளிச்சம் எஞ்சின்மேல் விழும். ஸ்பேனர் வேண்டாம், டார்ச் பிடிக்க ஆள் வேண்டாம். நடுராத்திரியில், ஆள் அரவம் இல்லாத காட்டில் இந்த வண்டி ஒருநாள் நின்றுபோகும் என்பதை வரைபடம் போட்ட அன்றைக்கே ஒத்துக்கொண்டவர்கள் செய்த விளக்கு அது. இந்தப் பழைய ராணுவ வண்டிகள்மேல் எனக்குப் பித்துப் பிடித்தது அவற்றின் வேகத்தாலோ போர்க் கதைகளாலோ இல்லை. அந்த நட்டால்தான்.

பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் வந்து கலக்கும் திருமுக்கூடலில், தென்கரைத் தென்னந்தோப்பு ஓரமாக எங்கள் கொட்டகை இருக்கிறது. எதிர்க்கரையில் பழையசீவரம் மலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். அவரை எல்லாரும் 'அண்ணே' என்போம். உத்திரமேரூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி, வாரம் முழுக்கக் கல்குவாரி லாரிகளோடு மல்லாடிவிட்டு இங்கே வந்துதான் இளைப்பாறுவான். காஞ்சிபுரத்திலிருந்து டிங்கரிங் பாய் வருவார். நான்காவது ஆள் நான். கழற்றிய போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, எது எங்கே இருந்தது என்று நோட்டில் எழுதுவது என் வேலை.

ஜீப் ஓர் அவசரத்தில் பிறந்தது. 1940-இல் அமெரிக்கப் படை இப்படியொரு வண்டி கேட்டபோது, பென்சில்வேனியாவின் பட்லர் ஊரிலிருந்த பாண்டம் என்ற சிறிய கம்பெனிக்காகக் கார்ல் ப்ராப்ஸ்ட் சில நாட்களிலேயே வரைபடம் போட்டார். அத்தனை வண்டிகளைச் செய்துதரும் அளவுக்குக் கம்பெனி பெரிதில்லை என்று வேலை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. 1941-இலிருந்து 1945-க்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். அவற்றில் ஒரு பகுதி பர்மா முனைக்கு வந்தது. அங்கே டயரைக் கழற்றிவிட்டு ரயில் சக்கரம் மாட்டி, தண்டவாளத்தில் சரக்கு வேகன்களை இழுக்கவும் விட்டார்கள். போர் முடிந்ததும் மிஞ்சியவை டிஸ்போசல் சரக்காக ஏலத்துக்கு வந்தன. 1947-இல் மகிந்திரா இங்கேயே ஜீப் பூட்டத் தொடங்கியது.

எங்கள் வண்டி கிடைத்தது ஒரு காயலான் கடையில். மேலே பார்த்தால் போர்க்கால வண்டி என்பது தெரிந்தது, வில்லிஸா ஃபோர்டா என்பது விளங்கவில்லை. முன்கிரில்லில் ஒன்பது துளை; போருக்குப் பிந்தைய வண்டி என்றால் ஏழுதான் இருக்கும். ஸ்டியரிங் இடப்பக்கம். அண்ணன் மண்ணில் படுத்து அடியில் கைவிட்டு, ரேடியேட்டருக்குக் கீழே சேசிஸின் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், பெட்டி போல மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு. "தம்பி, கைக்கு விளிம்பு தட்டுது" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் தேடியது ஓர் எழுத்தை. ஃபோர்டு தன் போல்ட்டுத் தலைகளில்கூட 'எஃப்' என்று பொறித்து அனுப்பியது. கிரீஸும் மண்ணும் இறுகிய ஒரு போல்ட்டைக் கழுவும்போது அந்த எழுத்து மெல்ல மேலே வந்ததே, கல்வெட்டுப் படியெடுப்பவர்களுக்குக் கிடைக்கும் சந்தோஷம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். எண்பது சொச்சம் போல்ட்டுகளில் எழுத்தோடு தேறியது பதினேழு. மற்றவை வழியில் எத்தனையோ கைகள் போட்ட மாற்று. அந்தப் பதினேழையும் தனி டப்பாவில் போட்டுவைத்திருக்கிறேன்.

எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நான்கு சிலிண்டர், 134 கன அங்குலம், 60 குதிரைசக்தி. வால்வுகள் தலையில் இல்லை, சிலிண்டருக்குப் பக்கத்திலேயே கட்டையில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் ஹெட் என்பது வெறும் கனத்த மூடிதான். நட்டுகளைக் கழற்றித் தூக்கினால் பிஸ்டன், வால்வு, சிலிண்டர் துளை எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். இன்றைய எஞ்சின்கள் இதைவிடப் பல மடங்கு திறமையானவை. ஆனால் அவை முகம் காட்டுவதில்லை. கஷ்டம் என்று பார்த்தால் டேப்பட் வைப்பது மட்டும்தான். மேனிஃபோல்டுக்கு அடியில் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, விரல் நுழையச் சிரமப்படும் சந்தில் இரண்டு மெல்லிய ஸ்பேனர்களும் ஒரு ஃபீலர் கேஜும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 14 பங்கு. கேஜ் லூசாகவும் ஓடக்கூடாது, பிடித்துக்கொள்ளவும் கூடாது. "வெண்ணெயில கத்தி போற மாதிரி" என்பார் அண்ணன். எட்டு வால்வுக்கும் அப்படி வைத்து முடித்த பிறகு, நீளமான ஸ்குரூடிரைவரின் முனையைக் கட்டையில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அவர் முகத்தைப் பார்த்தே எந்த வால்வு சரியில்லை என்று தெரிந்துகொள்ளலாம். சரியாக அமைந்த ஐடிலிங்கில் சத்தம் குறைவாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை, சத்தங்கள் வரிசையில் நிற்கும். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று தீப்பொறி போகும் ஒழுங்கு காதுக்குப் பிடிபட்டுவிட்டால், தவில் கேட்பவன் நடை மாறுவதைச் சட்டென்று கண்டுகொள்வதுபோல ஒரு சிலிண்டர் சோர்வதும் கேட்கும்.

பாயின் வேலை இதற்கு நேர் எதிர், எல்லாமே வெளியே தெரியும். ஜீப் பாடி முழுக்கத் தட்டைத் தகடு என்பதால் டிங்கரிங் சுலபம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். வளைந்த மட்கார்டு நெளிவை மறைத்துக்கொள்ளும். தட்டைத் தகடு ஒரு சுத்தி அடி கூடினாலும் காட்டிக்கொடுக்கும். பாய் தகட்டின்மேல் துணியை விரித்து, உள்ளங்கையைத் துணியோடு நகர்த்துவார், பிறகு மண்ணெண்ணெய் தடவி வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். பட்டி வைத்து நிரவுவது அவருக்குப் பிடிக்காது. மெல்லிய ஒரு பூச்சுக்கு மேல் வைக்கவே மாட்டார். தரைத்தகட்டுக்கு அடியில் தொப்பி போல மடித்த தாங்கிகளுக்குள் மரத்துண்டு திணித்திருந்தார்கள். அது ஈரம் குடித்து, இரும்பை உள்ளிருந்தே தின்றிருந்தது. பாய் வேப்பமரத்தில் புதிய துண்டு செதுக்கி, எண்ணெய் ஊற வைத்துப் பொருத்தினார்.

இந்த வேலைக்கு நட்பு ஏன் தேவைப்படுகிறது என்பதை ஸ்பேனர் பெட்டிகள் சொல்லும். அமெரிக்க ஜீப்புக்கு அங்குல ஸ்பேனர். பழைய பிரிட்டிஷ் வண்டி என்றால் விட்வொர்த். அதில் ஸ்பேனரில் போட்டிருக்கும் எண் நட்டின் அகலம் இல்லை, போல்ட்டின் விட்டம். ஜோங்கா வந்தால் மில்லிமீட்டர். ஜபல்பூரில் 1969-இலிருந்து நிஸ்ஸான் உரிமத்தில் செய்த வண்டி அது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஜோங்கா என்ற பெயரே ஜபல்பூர்த் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். அதே ஊரில் 1959-இலேயே ஜெர்மனியின் மான் கம்பெனி வடிவத்தில் சக்திமான் லாரி வந்துவிட்டது. இத்தனை பெட்டிகளையும் ஒருவனே வாங்கி, ஒருவனே பழகுவது ஆகிற காரியமில்லை. விட்வொர்த் பெட்டி அண்ணன் வீட்டில் இருக்கிறது. மரை தேய்ந்த துளைக்கு டாப் போட்டுத் தருவது தம்பி. கடையில் கிடைக்காத புஷ் என்றால் லேத்தில் கடைந்தெடுப்பதும் அவன்தான்.

பழுதுபார்ப்பில் பொய்யும் உண்டு. 1948-இல் காஷ்மீர்ப் போரின் நெருக்கடியில் லண்டனில் இந்தியத் தூதராக இருந்த கிருஷ்ண மேனன், பழைய ஜீப்புகளைப் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். பேசியது 2000 வண்டி, வந்து சேர்ந்தது 155. அவையும் ஓடும் நிலையில் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் வழக்காக அரசியல் எழுதுபவர்கள் அதைச் சொல்வார்கள். எனக்கோ அந்த 155 வண்டிகளின் நினைவாகவே இருக்கும். பளபளவென்று பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கும் ஜீப்பைக் கண்காட்சியில் பார்க்கும்போதெல்லாம், முதலில் குனிந்து ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையே கிரீஸ் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

நானும் ஒரு தவறு செய்தேன். பானெட்டின் பக்கவாட்டில் பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மேலே கறுப்பு, அதற்கு அடியில் வெள்ளை, பிறகு நீலம், அப்புறம் சாம்பல். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கொட்டகைக்கு வந்த ஊர்ப் பாட்டி ஒருவர், "இது அம்மை குத்த வந்த வண்டியாட்டம் இருக்குதே" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அரசாங்க வண்டியாக ஓடியிருக்குமோ என்ற ஆவலில் கை வேகமாகிவிட்டது. ஆலிவ் பச்சை வந்தபோது அதன்மேல் வெள்ளையில் எண்கள் இருந்தன. உப்புத்தாள் அதற்குள் பாதியைத் தின்றிருந்தது. கடைசி மூன்று இலக்கம் மட்டும் மிச்சம். முன்னால் இருந்தவை தெரிந்திருந்தால் இந்த வண்டியின் பிறப்பைத் தேடிக் கண்டுபிடித்திருக்கலாம். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. உப்புத்தாளை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, தின்னர் நனைத்த பஞ்சைக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு பூச்சையும் தனித்தனியாகக் கரைத்தே எடுக்கிறோம்.

அந்தப் பச்சையைத் திரும்பப் பூசவும் முடியாது. 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை கூடாது என்கிறது. பலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, இந்த வண்டி இப்போது படையில் இல்லை என்பதுதானே உண்மை? நாங்கள் ஆற்றுமண் நிறம் அடித்தோம். பின்பக்கக் கருவிப் பெட்டிக்குள் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பச்சையைத் தொடாமல் விட்டிருக்கிறோம். மகிந்திரா ஜீப்பைப் புதுப்பித்து அதன்மேல் அமெரிக்க வெள்ளை நட்சத்திரம் வரைபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ரேஷன் கடைக்கும் தேர்தலுக்கும் மலைத் தோட்டங்களுக்கும் உழைத்த வண்டிக்கு நார்மண்டிக் கடற்கரை எதற்கு?

டீசல் கேள்விதான் எங்களுக்குள் நெடுநாள் ஓடியது. பெட்ரோல் விலைக்குப் பயந்து ஊரில் பாதி ஜீப்புகளுக்கு டீசல் எஞ்சின் மாற்றினார்களே, எங்கள் வண்டியும் அப்படித்தான் வந்தது. 2021-இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 'விஏ' எழுத்துப் போட்ட தனி நம்பர் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், அன்றாடம் ஓட்டக்கூடாது. அதற்காகப் பெட்ரோல் எஞ்சின் தேடிப் பிடித்துப் போட்டோம். ஆனால் டீசலுக்காகச் சேசிஸில் யாரோ பற்றவைத்திருந்த இரண்டு தாங்கிகளில் ஒன்றை வெட்டவேண்டாம் என்று பாய் பிடிவாதமாக நின்றார். "இந்தக் கேஸ் வெல்டிங்கைப் பாருங்க, காசு அடுக்கின மாதிரி இருக்கு. இவன் பெரிய வேலைக்காரன்" என்றார். அது இப்போதும் இருக்கிறது, எதையும் தாங்காமல்.

எங்களிடம் 1944-இல் அச்சான அமெரிக்கப் படைக் கையேட்டின் நகல் உண்டு. ஓட்டுநர் எதைத் தொடலாம், படைப்பிரிவு மெக்கானிக் எதுவரை போகலாம், எதைப் பின்னால் பெரிய பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்று படிப்படியாகப் பிரித்துவைத்த பழுதுபார்ப்பு முறை அவர்களுடையது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவர் ஞாபகம் வரும். வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டில் 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, ஒன்று வருகிறது. மருத்துவர் யார், சல்லியம் என்ற அறுவை செய்பவர் யார், மூலிகை கொண்டுவருபவர் யார், அவரவருக்கு எவ்வளவு நெல், எந்த மருந்து எத்தனை இருப்பு என்று எல்லாம் வெட்டியிருக்கிறது. பழுதை எதிர்பார்த்து, யார் கை எங்கே படவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தவர்களின் நிதானம் இரண்டிலும் ஒன்றுதான்.

போன மாதம் ஒரு சாயங்காலம் மூன்றாவது சிலிண்டர் விட்டுவிட்டு அடித்தது. இருட்டிக்கொண்டு வந்தது. கொட்டகையின் பல்பு எட்டவில்லை. தம்பி டார்ச் எடுக்க எழுந்தான். அண்ணன் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, பானெட்டுக்குள் கைவிட்டுக் காது நட்டைத் தளர்த்தி விளக்கைப் பின்பக்கம் திருப்பினார். 6 வோல்ட் பேட்டரியின் மஞ்சள் வெளிச்சத்தில் மேனிஃபோல்டும் அதற்கு அடியில் அவர் விரல்களும் தெரிந்தன. பிளக்கைக் கழற்றித் துடைத்து, இடைவெளி சரிபார்த்துப் போட்டார். கிராங்க் பிடியைப் பாய் சுற்றினார், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொண்டு; பிடி திருப்பி அடித்தால் எலும்பு போய்விடும். இரண்டாவது சுற்றில் நான்கு சிலிண்டரும் வரிசைக்கு வந்தன. விளக்கை முன்னுக்குத் திருப்பி நட்டை இறுக்கினோம். வெளிச்சம் தோப்பைத் தாண்டி ஆற்றங்கரைப் பாதையில் விழுந்தது. ஏறி உட்கார்ந்தோம்.