கலே பண்டார கல்லறை: வரலாறும் வழக்கும்

சப்பிரகமுவை மாகாணத்துக் கேகாலைக்கு வடக்கே, எத்தாகல என்னும் யானைமலையின் அடியில் அமைந்தது குருநாகல். 13ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு 1341 வரை அது சிங்கள மன்னரின் தலைநகராய் விளங்கிற்று. அந்நகரில் ‘கலே பண்டார’, அஃதாவது மலைத்தலைவன், எனப் போற்றப்படுபவன் வத்திமி அரசன் என்பதும், அவன் கல்லறை அங்கு உள்ளது என்பதும் ஊர் வழக்கு.

புவனேகபாகு என்னும் மன்னனுக்கு அஸ்வெத்தும ஊரினளாகிய முஸ்லிம் பெண்ணொருத்தி வயிற்றில் பிறந்தவன் வத்திமி. அவன் அரசெய்தியதைப் பொறாத பிரதானிகள், பிரித் ஓதும் சடங்கைக் காண வருமாறு அழைத்து, மலையுச்சியினின்று வீழ்த்திக் கொன்றனர். மாண்டவனை மக்கள் தெய்வமாக்கினர். இது கதை.

இதனை வரலாறெனக் கொள்ளலாமா? சூளவம்சம் இரண்டாம் புவனேகபாகுவுக்குப்பின் அவன் மகன் நான்காம் பராக்கிரமபாகு ஆண்டதை விரித்துரைக்கின்றது. அடுத்து வந்த வன்னி புவனேகபாகுவையோ பெயரளவிற் சுட்டி நகர்கின்றது. இவனே வத்திமி எனக் கொள்வோர் உளர். ஆயின், பெயரொப்புமையும் நூலின் மௌனமும் சான்றாகா. அவை ஐயத்துக்கு இடந்தருவன மட்டுமே.

1344இல் ஆரியச்சக்கரவர்த்தியின் உதவி பெற்றுச் சிவனொளிபாதம் நோக்கிச் சென்ற இபுனு பதூதா, வழியில் ‘குனகார்’ என்னும் அரசநகரைக் கண்டார். அது குருநாகலே என்பர் சிலர். அந்நகரத்து அரசனைப் பெருமக்கள் எதிர்த்தெழுந்து குருடாக்கி, அவன் மகனை முடிசூட்டினர் என்றும், குருடனாகிய அரசன் அங்கே வாழ்கின்றான் என்றும் அவர் எழுதினார். உயிரோடிருந்த அவன் வத்திமி ஆகான். எனினும், பிரதானிகள் அரசனை வீழ்த்துதல் அக்காலத்து நடவாத செயலன்று என்பதற்கு இக்குறிப்புச் சான்றாகும்.

ஆகவே, கதை முழுவதையும் வரலாறாக்குதலும் அதனைப் பொய்யென ஒதுக்குதலும் ஒருங்கே பிழை. கல்லறை வத்திமியின் பிறப்பையோ ஆட்சியாண்டையோ நிறுவாது. அது நிறுவுவது வேறொன்று: தாய்வழி முஸ்லிமான ஓர் அரசனின் கொலையை அநீதியென உணர்ந்து, பௌத்தர் வாழும் நகரம் அவனைத் தன் காவற்றெய்வமாக்கிற்று. சதி செய்தோர்க்குக் கோயில் இல்லை. வீழ்ந்தவனுக்கே விளக்கு எரிகின்றது.