ஸ்டாக் காரும் மாற்று என்ஜின் கணக்கும்

ட்ரையம்ஃப் ஸ்டாக் ஒன்றை விலைக்குப் பார்க்கப் போகிறவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி, “உள்ளே இருப்பது எந்த என்ஜின்?” என்பதுதான். இங்கிலாந்தின் கவன்ட்ரியில் 1970 முதல் 1977 வரை 25,877 ஸ்டாக்குகள் தயாராயின. ட்ரையம்ஃபின் சொந்த 2,997 சி.சி. வி8 என்ஜினோடுதான் அவை விற்பனைக்கு வந்தன. சில வருஷங்களிலேயே அவற்றில் பலவற்றுக்குள் ரோவரின் வி8, ஃபோர்டின் எசெக்ஸ் வி6, ட்ரையம்ஃபின் பழைய ஆறு சிலிண்டர் என்று ஏதேதோ குடியேறிவிட்டன. ஒரிஜினல் என்ஜின் அவ்வளவு பேரைக் கைவிட்டிருந்தது.

கையில் காசு குறைவு, என்ஜின் போய்விட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு காரின் என்ஜினை வைக்கலாமா? மாற்றியவர்கள் காரைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். ஒரிஜினல் பிரியர்கள் காரையே கெடுத்துவிட்டதாகத் திட்டுகிறார்கள். அந்த என்ஜினுக்கு உண்மையில் என்ன நோய் என்று இரு தரப்பும் நின்று பார்ப்பதில்லை. எனக்கு அங்கேதான் விஷயம் இருப்பதாகப் படுகிறது.

ஸ்டாக் என்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட்டுகள் அலுமினியம். பெரும்பாலான கார்களில் வாட்டர் பம்ப் என்ஜினின் முன்பக்கம் இருக்கும். இதில் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே, மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் முதலில் காய்வது பம்ப்தான். பம்ப் காய்ந்தால் நீரோட்டம் நின்றுவிடும். சென்சாரைச் சுற்றி நீர் இல்லாமல் போனால் டெம்பரேச்சர் முள்ளையும் நம்ப முடியாது. ஏற வேண்டிய நேரத்தில் அது இறங்கிக் காட்டும். ஓட்டுபவர் நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்பார். உள்ளே ஹெட் வெந்து வளைந்துகொண்டிருக்கும். தொழிற்சாலையின் குறையும் இதோடு சேர்ந்தது. வார்ப்பு மணல் சரியாகக் கழுவப்படாமலே சில பிளாக்குகள் வெளியே போய், நீர் போகும் வழிகள் அடைத்துக்கொண்டன. இரும்பும் அலுமினியமும் ஒரே நீரில் நனையும் என்ஜினில் அரிப்புத் தடுப்பான் கலந்த கூலண்ட் வருஷம் முழுக்க இருந்தாக வேண்டும். பல உரிமையாளர்கள் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டினார்கள்.

சரி, ஹெட்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்று இறங்கினால் அடுத்த சோதனை. ஹெட்டைப் பிடித்திருக்கும் இணைப்புகளில் பாதி ஒரு கோணத்திலும், மீதி வேறு கோணத்திலும் இறங்குகின்றன. எஃகு ஸ்டட் அலுமினியத் துளைக்குள் அரித்து ஒட்டிக்கொண்டிருக்கும். நட்டு கழன்றுவிடும், ஸ்டட் அசையாது. ஸ்டட்டுகள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால், அவை வெளியே வராமல் ஹெட்டை நேராக மேலே தூக்கவும் வழியில்லை. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு நாள்கணக்கில் காத்திருந்து, சூடுகாட்டி, தட்டி, மறுபடி ஊற்றி, கடைசியில் துளைபோட்டு எடுப்பார்கள். மணிக்கணக்கில் கூலி வாங்கும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுத்தால் பில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முழு என்ஜினையும் இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றலாம் என்ற எண்ணம் பிறந்தது சோம்பலால் என்று சொன்னால் அது அநியாயம்.

அன்று மாற்று என்ஜினுக்குப் பஞ்சமும் இல்லை. ஃபோர்டின் கப்ரி, கிரனாடா கார்கள் காயலான் கடைக்கு வந்துகொண்டிருந்தன. எசெக்ஸ் வி6 அள்ளக் கிடைத்தது. ரோவர் வி8-க்கு ஒரு வம்சக் கதையே உண்டு. அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் 1961-இல் கொண்டுவந்து கைவிட்ட முழு அலுமினிய என்ஜின் அது. 1965-இல் ரோவர் அதன் உரிமையை வாங்கியது. 1968-இல் ரோவரும் ட்ரையம்ஃபும் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே கூரையின் கீழ் வந்தன. அப்படியிருந்தும் ஸ்டாக்குக்கு அந்த வி8 வரவில்லை. பொருந்தாது என்பது ட்ரையம்ஃப் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. பிறகு சாதாரண உரிமையாளர்கள் வீட்டு ஷெட்டில் வைத்து அதைப் பொருத்திக் காட்டினார்கள். கம்பெனியின் கௌரவப் பிரச்சினைக்கு வாடிக்கையாளர் கொடுத்த விலை என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

மாற்றியவர்கள் பக்கம் நியாயம் இவ்வளவு இருக்கிறது. அவர்கள் கணக்கு பிசகியது செலவில்.

என்ஜின் மலிவாகக் கிடைப்பதால் வேலையும் மலிவாக முடிந்துவிடாது. மவுண்டிங்குகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்காமல் சம்ப் உட்கார வேண்டும். பழைய கியர்பாக்ஸை வைத்துக்கொள்ள அடாப்டர் தேவை. என்ஜினோடு வந்த கியர்பாக்ஸை வைத்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும். எக்ஸாஸ்ட், ரேடியேட்டர் குழாய்கள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், வயரிங் எல்லாம் தனித்தனிச் செலவு. இரும்பு பிளாக்கை எடுத்துவிட்டு எடை குறைந்த ரோவர் என்ஜினை வைத்தால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கைக் கவனிக்க வேண்டும். பணம் தீரும்போது இந்தச் சில்லறை வேலைகள்தான் அரைகுறையாக நிற்கும். மாற்று என்ஜின் கார்களில் கெட்ட பெயர் வாங்கியவை பெரும்பாலும் என்ஜினால் வாங்கவில்லை. யாரோ அவசரத்தில் வெல்டு செய்த பிராக்கெட்டாலும் டேப் சுற்றிய வயராலும் வாங்கின.

இன்னொரு விஷயமும் உண்டு. காயலான் கடை என்ஜினுக்கும் வியாதி உண்டு. எசெக்ஸ் வி6-இல் கேம்ஷாஃப்டைச் சுழற்றும் பல்சக்கரம் ஃபைபரால் ஆனது. வயதானால் பல் உதிர்ந்து வழியிலேயே நிறுத்திவிடும். ரோவர் வி8-க்கு உரிய காலத்தில் ஆயில் மாற்றாவிட்டால் கேம்ஷாஃப்ட் தேயும். பராமரிக்காமல் ஒரு என்ஜினைக் கொன்றவர், அதே கையால் அடுத்ததையும் கொல்வார். வேகத்துக்காக மாற்றினோம் என்ற பேச்சும் பெரிதாக எடுபடாது: ஸ்டாக் வி8-இன் திறன் 145 குதிரைத்திறன், கப்ரியில் இருந்த எசெக்ஸுக்கு 138, ரோவர் எஸ்டி1-இன் வி8-க்கு 155.

ஒரிஜினல் என்ஜின் திருந்தாத கேஸ் என்ற தீர்ப்பும் தவறு. இந்த வி8-இன் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் கிடைக்கும் நான்கு சிலிண்டர் என்ஜின்தான் ஸ்வீடனின் சாப் 99-இல் போனது. சாப் நிறுவனம் 1972 முதல் அதைத் திருத்தித் தானே தயாரித்தது. 1978-இல் டர்போவே பூட்டிவிட்டது. அடிப்படை வடிவம் கெட்டதாக இருந்தால் அந்த அழுத்தத்தைத் தாங்கியிருக்காது. இன்று தங்கள் ஸ்டாக்கை நம்பி ஓட்டுகிறவர்கள் செய்திருப்பது மந்திரம் ஒன்றுமில்லை. நீர்வழிகளைச் சுத்தமாகக் கழுவி, நல்ல ரேடியேட்டர் வைத்து, நீர் குறைந்தால் சத்தம் போடும் அலாரம் மாட்டி, சரியான கூலண்ட் ஊற்றி, டைமிங் செயின்களை நேரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். செயினைத் தள்ளிப் போட்டால் மட்டும் மன்னிப்பு கிடையாது. அது எகிறினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

பிரிட்டனில் இன்று சட்டமும் இதில் தலையிடுகிறது. 40 வயது கடந்த கார்களுக்கு 2018 முதல் வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. கடந்த 30 வருஷத்தில் பெரிய மாற்றம் செய்த காருக்கு அந்தச் சலுகை போய்விடும். சிலிண்டர் எண்ணிக்கை மாறியிருந்தால் அது பெரிய மாற்றமாகக் கருதப்பட வாய்ப்பு அதிகம். அந்த வகையில் வி8-க்குப் பதில் வி8 வைத்தவர் தப்பிக்கலாம். இப்போது போய் வி6 வைப்பவர் வம்பை விலைக்கு வாங்குகிறார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் குடும்பம் அந்நியமில்லை. ட்ரையம்ஃப் ஹெரால்டை ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக விற்ற சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம், 1985-இல் ரோவர் எஸ்டி1-இன் உடலை எடுத்து, அதில் பழைய ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காரின் வழி வந்த 1,991 சி.சி. என்ஜினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று கொண்டுவந்தது. அது 1988-க்குள் முடிந்துபோனது. ஷெட்டில் ஒருவர் சிக்கனத்துக்காகச் செய்வதை ஒரு கம்பெனியே செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அந்தக் காரை நினைத்துக்கொள்ளலாம்.

இன்று குறைந்த பட்ஜெட்டில் பழுதான ஸ்டாக்கை வாங்குகிறவர், முதலில் ஹெட்டுகளைக் கழற்றி பிளாக்கையும் கிராங்க்கையும் பார்ப்பதே நல்லது. அவை சரியாக இருந்தால் ஒரிஜினலையே ஓவர்ஹால் செய்யலாம். உதிரி பாகங்கள் கிடைக்கின்றன, செலவைத் தவணை தவணையாகப் பிரித்தும் செய்யலாம், விற்கும்போது அந்தப் பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பி வரும். பிளாக்கே வெடித்திருந்தால், வேறு ஸ்டாக் என்ஜினுக்குக் காசு புரளாவிட்டால், ரோவர் வி8.

இப்போது எதிர்த்திசையிலும் ஒரு மோகம் கிளம்பியிருக்கிறது. வருஷக்கணக்காக ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ரோவர் என்ஜினை இறக்கிவிட்டு, ஒரிஜினல் என்ற பெயருக்காக எங்கிருந்தோ ஒரு ஸ்டாக் என்ஜினைத் தேடிப் பூட்டுகிறார்கள். அந்தக் காரோடு பிறந்த என்ஜின் எப்போதோ உருகிப் போயிருக்கும். பூட்டப்படுவதும் இன்னொரு காரின் என்ஜின்தான். அந்தப் பணத்துக்கு கதவடிச் சட்டத்திலும் தரைத் தகட்டிலும் துருவை வெட்டி எடுத்து வெல்டு செய்தால் கார் இன்னும் இருபது வருஷம் நிற்கும்.