வெளியே போகிறவர்கள்

நான் பிக் பாஸ் பார்க்கிறேன் என்பதில் என் நண்பர்கள் சிலருக்கு மனவருத்தம். "நாவல் எழுதுகிறவர் இதையெல்லாம் பார்க்கலாமா?" என்று மதுரையிலிருந்து வந்திருந்த ஒருவர் கேட்டார். நாவல் எழுதுகிறவன் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. பதினைந்து இருபது பேரை ஒரு வீட்டில் அடைத்து, செய்தித்தாளும் டெலிபோனும் இல்லாமல் செய்து, வாரம் ஒருவராக வெளியேற்றி, நூறு நாள் கழித்து எஞ்சி நிற்பவருக்கு ஐம்பது லட்சம் ரூபாய் என்கிறார்கள். மனித சுபாவம் இங்கே வெளிப்படாமல் வேறு எங்கே வெளிப்படப் போகிறது?

கண்டிக்கிறவர்களின் கட்சி எனக்குத் தெரியாததல்ல. சண்டை மூட்டிக் காசு பண்ணுகிறார்கள். ஒருத்தி அவமானப்படுவதை ஊரே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. ரசனை கெட்டுப் போயிற்று என்கிறார்கள். 2017 ஜூன் மாதம் விஜய் டெலிவிஷனில் கமல்ஹாசன் இதைத் தொடங்கி வைத்தபோது நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். அது முழுக்கத் தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் குரூரம் ஒன்றுதான் ருசி என்றால், ஜனங்கள் நாலு நாள் பார்த்துவிட்டு அலுத்துப் போயிருப்பார்கள். குரூரத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. அதைப் பார்ப்பதற்கு டெலிவிஷன் பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆட்டமும் எங்களுக்குப் புதிதல்ல. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022ஆம் வருஷம் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் தோண்ட ஆரம்பித்தார்கள். சங்கு வளையல்களோடும் பாசிமணிகளோடும் சுடுமண்ணால் செய்த ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் வெளிவந்தன. அவற்றை வைத்து அந்தக் காலத்து ஜனங்கள் என்ன ஆட்டம் ஆடினார்களோ, எனக்குத் தெரிந்த தாயத்தில் வெட்டுப்பட்ட காய் செத்துப் போவதில்லை. கைக்கு வந்து காத்திருந்து, மறுபடி தாயம் விழுந்ததும் கட்டம் ஏறிவிடும். சடுகுடுவும் அப்படித்தான். வெளியே போனவனை, அவனுடைய கட்சிக்காரன் எதிராளி ஒருவனை அடித்து உள்ளே அழைத்துக்கொள்வான். போனவன் போனவன்தான் என்கிற ஆட்டம், நான் பார்த்தவரையில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நடக்கிற நாற்காலி ஆட்டம் ஒன்றுதான். அதில்கூட, பாட்டு நின்ற நேரத்தைத்தான் குறை சொல்லலாமே தவிர, நாற்காலி கிடைக்காத பையனைப் பார்த்து "நீ போ" என்று யாரும் சொல்வதில்லை.

பிக் பாஸில் சொல்கிறார்கள். இந்த ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தனி அறைக்குள் போய், வெளியேற வேண்டியவர்கள் என்று இரண்டு பேரைக் குறிப்பிட வேண்டும். பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. காரணமும் சொல்ல வேண்டும். இப்படி அதிகம் பெயர் விழுந்தவர்கள் ஜனங்களின் ஓட்டுக்கு வருகிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உள்ளே இருப்பவர்கள் போடுவது போகச் சொல்லும் ஓட்டு. வெளியே இருக்கிற நாம் போடுவது இருக்கச் சொல்லும் ஓட்டு. இந்த இரண்டு ஓட்டுக்கும் நடுவில் இருக்கிற முரண்பாட்டைப் புரிந்துகொண்டவர்கள்தான் அந்த வீட்டில் நிலைக்கிறார்கள்.

இதைத் தலைகீழாக வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1999ல் ஹாலந்து தேசத்தில் 'பிக் பிரதர்' என்ற பெயரில் பிறந்தது இந்த விளையாட்டு. மறு வருஷம் அது அமெரிக்காவுக்குப் போனபோது, யார் வெளியே போக வேண்டும் என்று ஜனங்களையே கேட்டார்கள். ஜனங்கள் வாயாடிகளையும் வம்புக்காரர்களையும் பொறுக்கியெடுத்து முதலிலேயே அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த சாதுக்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2001ல், வெளியேற்றுகிற ஓட்டை ஜனங்களிடமிருந்து வாங்கி, வீட்டுக்குள் இருப்பவர்களிடமே கொடுத்துவிட்டார்கள் நடத்துகிறவர்கள். நல்லவர்களை மட்டுமே வைத்து நாவல் எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும்.

நம் ஊர் முறையில், ஒருவரை எத்தனை பேர் வெறுக்கிறார்கள் என்பது கணக்கிலேயே வராது. தொண்ணூறு பேர் திட்டினாலும் சரி, பத்துப் பேர் அவருக்காக உயிரை விடுகிறார்கள் என்றால் அந்தப் பத்துப் பேரின் ஓட்டுத்தான் பேசும். யாரும் வெறுக்காத, யாருக்கும் அவசியமில்லாத சாது மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு. உள்ளே இருப்பவர்கள் ஒருவருடைய பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, வெளியே அவருக்கு ஓட்டுப் போடும் பழக்கம் ஊறிப்போகிறது. முதல் சீசனில் ஓவியாவுக்கு அதுதான் நடந்தது. வீடு அந்தப் பெண்ணைத் தள்ளத் தள்ள, நாடு தாங்கிப் பிடித்தது. ஆகஸ்டில் அவராகவேதான் கிளம்பிப் போனாரே தவிர, ஓட்டு அவரை அனுப்பவில்லை. பட்டத்தை வென்றவர் ஆரவ். இன்றைக்குப் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள்; ஓவியாவின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். 2020ல் தொடங்கிய நான்காவது சீசனிலும் ஆரி அர்ஜுனனை வீட்டிலிருந்தவர்கள் விடாமல் நாமினேஷனில் தள்ளித் தள்ளியே அவர் கையில் கோப்பையைக் கொடுத்தார்கள்.

ஆக, அந்த வீட்டில் பெரிய மூலதனம் எது? பலமல்ல, அழகல்ல, தந்திரம்கூட அல்ல; ஊர் பார்க்க அநியாயத்துக்கு ஆளாவது. பின்னால் வந்தவர்கள் இதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள். தான் கோபப்படாமல் எதிராளியைக் கோபப்பட வைப்பது. அழுகை வந்தால் காமிரா இருக்கிற மூலை பார்த்து நகர்வது. மன்னிப்பைச் சனிக்கிழமைக்கு என்று எடுத்து வைத்துக்கொள்வது. இவையெல்லாம் இப்போது பால பாடம்.

இதற்கு நேர் எதிரான ஆட்டமும் ஒன்று உண்டு. 2000ஆம் வருஷம் போர்னியோப் பக்கத்துத் தீவு ஒன்றில் நடந்த அமெரிக்க 'சர்வைவர்'. அங்கே ஜனங்களுக்கு ஓட்டே கிடையாது. ஆடுகிறவர்களே ஒருவரையொருவர் வெளியேற்றுவார்கள். கடைசி இருவரில் யார் வெற்றியாளர் என்பதை, வெளியேற்றப்பட்டவர்களில் ஏழு பேர் உட்கார்ந்து தீர்மானிப்பார்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ளியவனிடமே போய்ப் பிழைப்புக் கேட்க வேண்டும்! அதில் ரிச்சர்ட் ஹாட்ச் என்பவர் ஆரம்பத்திலேயே மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு கூட்டு அமைத்தார். கடைசியில் மூவர் மிஞ்சினார்கள்: ஹாட்ச், ரூடி என்ற எழுபது வயது கடந்த பழைய கடற்படைக்காரர், கெல்லி என்ற இளம் பெண். கம்பத்திலிருந்து கையை எடுக்காமல் வெயிலில் நிற்க வேண்டும்; கடைசிவரை நிற்பவர், மற்ற இருவரில் ஒருவரை வெளியேற்றலாம். ஹாட்ச் தானாகவே கையை எடுத்துவிட்டார். அவர் ஜெயித்திருந்தால், ஒன்று நம்பின கிழவரைத் தன் கையாலேயே வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் எல்லோருக்கும் பிடித்த அந்தக் கிழவரோடு கடைசி ஓட்டுக்கு நிற்க வேண்டும். யார் ஜெயித்தாலும் தன்னைத்தான் உடன் வைத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். கெல்லி ஜெயித்தார்; கிழவரை அவரே அனுப்பினார். நாலுக்கு மூன்று ஓட்டில் ஹாட்சுக்குப் பத்து லட்சம் டாலர் கிடைத்தது. தோற்று ஜெயித்த இந்தக் காட்சியை நான் ஒரு கதையில் எழுதியிருந்தால், நம்பும்படியாக இல்லை என்று விமரிசகர்கள் எழுதியிருப்பார்கள்.

இதே சர்வைவரை 2021ல் அர்ஜுனை வைத்து ஜீ தமிழில் நடத்தினார்கள். சான்சிபாரில் எடுத்தார்கள், கடலும் காடுமாகக் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. விஜயலட்சுமி ஒரு கோடி ரூபாய் வென்றார். ஆனாலும் நம் வீடுகளில் அது பிக் பாஸைப்போல ஒட்டவில்லை. என் அபிப்பிராயம், நம்மவர்களுக்குத் தந்திரத்தை வியக்கத் தெரியும், ஆனால் வியந்துகொண்டே நூறு நாள் உட்கார முடியாது. காப்பாற்றுவதற்கு ஒரு ஆள் வேண்டும்.

இந்த அபிப்பிராயம் எனக்குப் புத்தகம் படித்து வரவில்லை. அடுத்த வீட்டு மதினியிடமிருந்து வந்தது.

மதினி பத்தொன்பது வருஷம் பயர் ஆபீஸ் வேலைக்குப் போனவள். சரம் பின்னுவதில் அவள் கைக்கு நல்ல பெயர் உண்டு. ஒவ்வொரு வருஷமும் தீபாவளியோடு ஆபீஸை மூடுவார்கள். சில வாரம் கழித்துப் பூஜை போட்டுத் திறப்பார்கள். வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். 2024 தீபாவளி கழிந்து அப்படித்தான் வேன் வந்தது. எங்கள் தெருவில் நின்றது. நாலு பேரை ஏற்றிக்கொண்டது. மதினி தூக்குச்சட்டியோடு போய் நின்றாள். "லிஸ்ட்டுல பேரு இல்லக்கா" என்றான் டிரைவர். போர்மேனைக் கேட்டதற்கு, "அப்புறம் பார்ப்போம்" என்றாராம். அவ்வளவுதான். பிசகு செய்தாள் என்றோ, வயசாகிவிட்டது என்றோ, ஆர்டர் குறைவு என்றோ ஒரு வார்த்தை கிடையாது.

அப்போது விஜய் சேதுபதி நடத்திய எட்டாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஜாக்குலின் என்ற பெண்ணை வாராவாரம் நாமினேஷனில் போட்டார்கள். மதினி வாராவாரம் மகனுடைய போனை வாங்கி அந்தப் பெண்ணுக்கு ஓட்டுப் போட்டாள். ஒரு திங்கட்கிழமை ராத்திரி நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொன்னார்கள், காரணம் சொன்னார்கள். இதில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் ஏளனமாகவே கேட்டுவிட்டேன்.

"காரணம் சொல்றாங்க பாத்தீகளா, கொழுந்தனாரே! பொய்யோ மெய்யோ, நாலு பேரு கேக்க ஒரு காரணத்தைச் சொல்லித்தான அனுப்புறாங்க!" என்றாள் மதினி.

எனக்குச் சுருக்கென்றது. காரணம் மட்டுமா? வெளியே வருகிறவரை மேடைக்கு அழைத்து, கையைப் பிடித்து, அவர் உள்ளே கழித்த நாட்களையெல்லாம் படமாகப் போட்டுக் காட்டி, பிரிந்தவர்களோடு இரண்டு வார்த்தை பேசச் சொல்லி அனுப்புகிறார்கள். யாராவது பொய் சொல்லியிருந்தால், நடந்தது இதுதான் என்று காட்டுகிறார்கள். முதல் சீசனில் ஜூலி சொன்ன ஒரு விஷயத்தைக் கமல்ஹாசன் படம் போட்டு உடைத்தாரே, அதிலிருந்து 'குறும்படம்' என்ற சொல்லே எங்கள் தெருவில் சாட்சி என்ற அர்த்தத்துக்கு மாறிப் போயிற்று. குழாயடிச் சண்டையில், "குறும்படம் போட்டா தெரியும்டீ!" என்று ஒருத்தி கத்தியதை என் காதாலேயே கேட்டேன். காரணம், சாட்சி, விடைபெறுதல் — வெளியேற்றப்படுகிற மனுஷிக்குக் கிடைக்க வேண்டிய இந்த மூன்றும் அந்தப் பொய் வீட்டில் கிடைக்கின்றன. அவமானத்தைப் பார்க்க வருகிறவர்களும் இருக்கலாம். எங்கள் தெருவில் உட்கார்ந்திருந்தவர்கள் இதைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

அதற்காக இந்த நிகழ்ச்சிக்கு நான் சர்டிபிகேட் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே சொல்லப்படுகிற காரணங்களைக் கவனித்துக் கேளுங்கள். "சேஃப் கேம் ஆடுறாங்க", "மிங்கிள் ஆகலை", "தனித்தன்மை தெரியலை" — இப்படிப் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள். எல்லாம் செல்லாக் காசு. உண்மையான காரணம் பயம், பொறாமை, ஓட்டுக் கணக்கு. அதை யாரும் சொல்வதில்லை. சாட்சி விஷயமும் அப்படித்தான். அங்கே ஒரு நாளுக்கு இருபத்து நாலு மணி நேரம். ராத்திரி நமக்குக் காட்டுவது ஒரு மணி சொச்சம். வெட்டுகிறவன் எங்கே வெட்டினானோ அங்கேதான் நியாயம் நிற்கிறது. ஒருத்தி முறைப்பதைக் காட்டிவிட்டு, அதற்கு முன்னால் அவளை என்ன சொன்னார்கள் என்பதை விட்டுவிட்டால் போதும்.

இந்த வித்தை எனக்கும் தெரிந்ததுதான். ஒரு தொடர்கதையில், கதைக்கு இடைஞ்சலாக இருந்த ஒரு சித்தியைக் காரணம் சொல்லாமல் கோவில்பட்டிக்கு அனுப்பிவிட்டேன். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று எண்ணம். சித்தி எங்கே, அவள் மேல் என்ன தப்பு என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. கடைசி அத்தியாயத்தில் அவளைத் திரும்ப அழைத்து, ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார வைத்து, ஒரு மாதிரி சமாளித்தேன்.

2025 ஜனவரியில், சீசன் முடிகிற தறுவாயில், பணப்பெட்டி வைத்தார்கள். முந்தின சீசன்களில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட்டுப் போய்விடலாம். 2019ல் கவின் ஐந்து லட்சத்தோடு போனார். இந்தத் தடவை விதியை மாற்றிவிட்டார்கள். வெளியே ஓடிப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு குறித்த நேரத்துக்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டால், பணமும் உண்டு, ஆட்டமும் உண்டு. நேரம் தப்பினால் ஆட்டம் போயிற்று. ஜாக்குலின் ஓடினார். திரும்பி வருவதற்குச் சில நொடிகள் தாமதமாகிவிட்டது. கதவு அடைபட்டது.

"ஓட்டுப் போட்டுத் தள்ள முடியல. ஓட விட்டுத் தள்ளிட்டாங்க" என்றாள் மதினி. அதற்குப் பிறகு அவள் பார்க்கவில்லை. முத்துக்குமரன் பட்டம் வாங்கியதை நான்தான் மறுநாள் சொன்னேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டாள். அப்புறம் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்து, "ஏன் கொழுந்தனாரே, ரெண்டு பேரு பேரைச் சொல்லணும், காரணமும் சொல்லணும்னு அந்தப் போர்மேனை உக்கார வச்சிருந்தா, என்னை என்ன சொல்லியிருப்பான்?" என்று கேட்டாள்.

நான் கதைக்காரன். காரணத்துக்கு என்ன பஞ்சம்? மூன்று சொன்னேன். போன ஆடியில் கூலி விஷயமாக அவள் எதிர்த்துப் பேசியது ஒன்று. முழங்கால் வலியால் அடிக்கடி எழுந்து நிற்பது ஒன்று. போர்மேனுக்குச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அதே ஊரில் வேலைக்குக் காத்திருந்தது ஒன்று. மூன்றையும் மதினி நிதானமாகக் கேட்டாள்.

"இதெல்லாம் நீங்க எழுதுற காரணம்" என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.