ஆர்ச்வேயில் இரண்டு கோபங்கள்

ஸ்கந்தனும் சிக்கந்தரும் ஒருவரே, முருகன்தான் கிரேக்கரின் டியோனிசஸ் என்றெல்லாம் நம்மவர் சிலர் எழுதிவருகிறார்கள். பெயரின் ஓசை ஒத்துவந்து, கையில் ஒரு கோலும் இருந்துவிட்டால் போதும், உறவு நிச்சயமாகிவிடுகிறது. எமது கடவுளுக்கு ஏன் இந்த ஐரோப்பியப் பிறப்புச் சான்றிதழ்?

ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் ஆர்ச்வேக்கு வாருங்கள். ஹைகேற் குன்றின் அடியில் 1821 இல் நட்ட கல்லொன்று. 1964 இல் அதன்மேல் ஒரு பூனையையும் வைத்தார்கள். குசினிப் பையன் டிக் விற்றிங்ரன், சமையற்காரியின் அடி தாங்காமல் ஓடிவந்து இளைப்பாறிய இடமாம். நீ லண்டன் மேயராவாய், திரும்பு என்று தேவாலய மணிகள் கூப்பிட, திரும்பிப் போனான். சரித்திரத்து விற்றிங்ரனோ நிலபுலமுள்ள குடும்பத்துப் பிள்ளை. 1423 இல் இறந்த பெரும் துணி வணிகர். அடிபட்ட பையனைச் சனங்கள்தான் உண்டாக்கினார்கள். கோப்பை கழுவுகிறவனுக்கு இது நன்றாகவே விளங்கும்.

மேலே, ஆர்ச்வே றோட்டில் 1986 இல் திறந்த கோயிலில், மாம்பழத்துக்காகக் கோபித்து மலையேறியவர் நிற்கிறார். பெற்றோரே வந்து சமாதானம் சொல்லியும் இறங்காதவர். பழனியே அவருக்கு வீடாயிற்று.

டிக்கைக் கூப்பிட்டது முதலாளியின் நகரம், அதுவும் பதவி காட்டி. முருகனைக் கூப்பிட்டது சொந்த வீடு. ஒருவன் போனான், மற்றவன் போகவில்லை. இருவரும் ஒருவரே என்று எழுத வருபவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். கதிர்காமத்தில் முருகன் சந்நிதிக்குப் பக்கத்திலேயே முஸ்லிம்களின் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே கும்பிடப் போகிறவர்கள் யாரும் பெயர்களைப் பிரித்துச் சொல்லாராய்ச்சி செய்வதில்லை.