தெரிந்தவர் தரும் முதல் ஆர்டர்

ஆரி வேலையோ தையலோ கற்றுக்கொண்டு வீட்டிலேயே தொழில் தொடங்கும் பெண்ணுக்குக் காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் கிடைக்கும் முதல் அறிவுரை, "நம்ம சொந்தக்காரங்ககிட்ட சொல்லி வை" என்பதுதான். ராஜகுளம் போன்ற ஊர்களில் எலக்ட்ரீஷியன், போட்டோகிராபர், சமையல் ஆர்டர் எடுப்பவர் என்று தனியாளாகத் தொழிலில் இறங்குகிறவர்களும் இந்த வழியில்தான் வருகிறார்கள். சித்தி மகள் கல்யாணம் முதல் ஆர்டர், அங்கே பார்த்துவிட்டு வரும் பங்காளி வீட்டு வளைகாப்பு இரண்டாவது. கைத்தொழில் தெரிந்த பலர் ஒன்றிரண்டு வருடத்தில் அதை விட்டுவிட்டு ஒரகடம் கம்பெனி பஸ் ஏறுவதற்கு வேலை தெரியாதது காரணமில்லை. முதல் வாடிக்கையாளர்கள் எப்படி வந்தார்கள் என்பதில்தான் பெரும்பாலும் காரணம் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பட்டுக்கான ஜாக்கெட் துணி அந்தச் சேலையோடேயே நெய்து வருவது. கத்தரி தவறினால் அதே நிறத்தில், அதே கரையில் இன்னொரு துண்டு கிடைக்காது. அப்படிப்பட்ட துணியை, இதுவரை யாருக்கும் வேலை செய்து கொடுக்காத ஒருத்தியின் கையில் யார் கொடுப்பார்? அத்தைதான் கொடுப்பாள். புதிதாகத் தொழில் தொடங்குகிறவரின் முதல் ஆபத்தைச் சொந்தம் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது. எந்த வங்கிக் கடனும் இதைச் செய்யாது. விளம்பரமும் கூடவே கிடைக்கிறது. முகூர்த்த மேடையில் மணப்பெண் குனிந்து உட்காரும்போது பின்கழுத்து வேலைப்பாட்டை மண்டபத்தில் இருக்கும் அத்தனை பெண்களும் பார்க்கிறார்கள். "யாருடி போட்டது?" என்ற கேள்வி அங்கேயே பிறக்கிறது.

சிக்கல் விலையில் தொடங்குகிறது. ஒரு கணக்குக்கு, மணியும் நூலும் லைனிங்கும் சேர்த்து 500 ரூபாய், ஆரிச் சட்டத்தின் மேல் குனிந்த முதுகோடு நான்கு நாள் வேலை, நியாயமான விலை 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அத்தை "பார்த்துப் போட்டுக் கொடும்மா" என்று சொல்லி 1,000 ரூபாயை நீட்டுகிறாள். பொருள் செலவு போக, நாள் கூலி 125 ரூபாய். நூறு நாள் வேலைக்குப் போயிருந்தால் இதைவிட அதிகம் வந்திருக்கும். இந்த ஒரு ஜாக்கெட்டின் நஷ்டத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அடுத்து வருகிறவர் "அவங்களுக்கு ஆயிரத்துக்குத்தானே போட்டே?" என்று கேட்கும்போது, பாசத்துக்காகக் கொடுத்த விலை ஊர் விலையாகிவிடுகிறது. அதை மாற்றவே முடிவதில்லை.

பாக்கி வைத்தாலோ நிலைமை இன்னும் மோசம். வெளியாளிடம் கேட்கும் வாய் சொந்தத்திடம் எழாது. உறவு கணக்கைக் கெடுக்கும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய செய்தி அல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921), ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரைக் குடவோலைத் தேர்தலுக்கு ஆகாது என்று விலக்கியதோடு நிற்கவில்லை. அவருடைய சொந்தக்காரர்களையும் முறை சொல்லி விலக்கின. உறவும் கணக்கும் கலந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி அது.

அடுத்த குறை, வட்டம் சிறியது என்பது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு; எப்போதாவது என்றவர்கள் பாதிக்கும் மேல். அவர் ஆராய்ந்தது உத்தியோகம் தேடுவதை. ஆனாலும் ஆர்டர் தேடுவதற்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். நெருங்கிய சொந்தத்துக்குத் தெரிந்தவர்களை நமக்கும் ஏற்கெனவே தெரியும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவதும் இதே வட்டத்துக்குள் சுற்றுவதுதான். நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தானே அது தெரியும்?

இதையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று உண்டு. சொந்தம் என்றால் நம் கிராமத்தில் சாதி. வசதியான சொந்தம் உள்ளவருக்கு முதல் வருடத்திலேயே பத்துக் கல்யாண ஆர்டர் வரும். காலனியில் இருக்கும் பெண்ணின் கைவேலை அதே அளவு சுத்தமாக இருந்தாலும், ஊர்த் தெருவிலிருந்து அவளைத் தேடி வருகிறவர்கள் குறைவு. அவள் சொந்தத்தில் 2,500 ரூபாய்க்கு ஜாக்கெட் போடக்கூடியவர்களும் குறைவு. திறமை இருந்தால் தெரிந்தவர் மூலம் வளரலாம் என்ற பேச்சு இவளிடம் பொய்யாகிவிடுகிறது.

அப்படியானால் வேறு வழி? மாவட்டத்தின் பழைய வழி ஒன்று கண்முன்னே இருக்கிறது. பாவும் ஊடைப்பட்டும் சரிகையும் மாஸ்டர் வீவரிடம் வாங்கி, நெய்து கொடுத்துக் கூலி பெறும் நெசவாளிக்கு வாடிக்கையாளரைத் தேடும் கவலை இல்லை. 2005-06-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் காக்கப்பட்டது. ஆனால் சேலை கட்டுகிறவருக்கு அதை நெய்தவர் யாரென்று இன்றும் தெரியாது. பெரிய ஆரிக் கடையின் மிச்ச வேலையை வாங்கிச் செய்கிறவர் நிலையும் இதுதான். வேலை தொடர்ந்து வரும், பெயர் வெளியே வராது.

எனக்குச் சரியாகப் படுவது, பக்கத்துத் தொழில்காரரைத் தேடிப் போவது. ஜாக்கெட் தைப்பார், ஆரி போடமாட்டார் என்று உத்திரமேரூரிலும் வாலாஜாபாத்திலும் டெய்லர்கள் இருப்பார்கள். மணப்பெண் அலங்காரம் செய்கிறவர், மண்டபத்து மேனேஜர், சேலைக் கடைக்காரர் ஆகியோரிடம் தினமும் வருவது நமக்கு வேண்டிய வாடிக்கையாளர்தான். ஆடியில் கல்யாணம் இல்லை. அந்த மாதத்தில் நான்கு மாதிரித் துணிகளோடும் எழுதிய விலைப்பட்டியலோடும் இவர்களைப் பார்த்துவிட்டு வந்தால், ஆவணி நெருக்கடியில் நினைவுக்கு வருவோம். இந்த வழியில் கமிஷன் போகும். ஆனால் கமிஷன் எவ்வளவு என்று முன்பே தெரியும், பாசத்தில் போகும் தொகை எவ்வளவு என்று தெரியாது.

சொந்தத்தின் முதல் ஆர்டரை மறுக்கச் சொல்லவில்லை. இரண்டு மூன்று வேலை வாங்கிக்கொள்ளலாம், அதே விலைப்பட்டியலில். தள்ளுபடி தருவதாக இருந்தால் முழு விலையை எழுதி, கழித்ததையும் அதே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் அண்ணன் மகளோ பக்கத்துத் தெருப் பெண்ணோ புதிதாகத் தொழில் தொடங்கியிருந்தால், அளவு ஜாக்கெட்டோடு முன்பணத்தையும் கொண்டுபோய்க் கொடுங்கள். மீதியைத் துணி வாங்கும் அன்றே தீர்த்துவிடுங்கள்.